காம்போடு பன்னிரண்டு

“ஞாயித்துக்கிழமை காலையிலேயே வந்துடறேன் மாப்ளே. பழத்தைப் பறிச்சு வெச்சுடாதீங்க. செடியிலேயே இருக்கட்டும், நான் பார்க்கணும்” என்றார் மாமனார் போனில்.

“அதுக்கென்ன மாமா, தாராளமா வாங்க” என்றான் லேபிள்.

சொல்லி முடித்த கையோடு வாசல் பக்கம் பார்த்தான். கேட்டை ஒட்டி ஒரு தொட்டி. அதில் ஒரு தக்காளிச் செடி. மார்பளவு உயரம், தளதளவென்று இலை. பழம்தான் இல்லை. பழம் என்ன, பிஞ்சுகூட இல்லை. மூன்று பூ இருந்தது. அதிலும் இரண்டு நேற்றே உதிர்ந்துவிட்டன.

லேபிள் என்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவனுக்கு வைத்த பெயர். வருகிறவர்களிடம் எடுத்த ரத்தத்தைக் குப்பியில் அடைத்துச் சீட்டு ஒட்டுவது அவன் வேலை. பதினாறு வருஷத்தில் ஒருவருடைய ரத்தம் இன்னொருவர் பெயரில் போனதில்லை. அந்தப் பெருமையில் வீட்டில் சர்க்கரை டப்பா, உப்பு டப்பா, ஃபேன் சுவிட்சு வரைக்கும் சீட்டு ஒட்டி வைத்திருந்தான். மனைவியின் நெற்றி ஒன்றுதான் பாக்கி என்று அவளே சொல்வாள்.

அந்தப் பெருமைதான் வினையாக வந்தது. மாமியார் காலமான மூன்றாம் மாதம், அடுத்த தெருவிலிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, வெளியூரில் நாலாவது மாடியில் குடியிருக்கும் மகனோடு போய்ச் சேர்ந்தார் மாமனார். போகும்போது ஒரு பழுப்பு உறையை இவன் கையில் கொடுத்தார். மேலே மாமியாரின் கோணல் கையெழுத்தில் ‘அம்மா வீட்டுத் தக்காளி – 12 விதை’ என்று எழுதியிருந்தது. அந்த அம்மாள் கல்யாணமாகி வரும்போது தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரகம். வருஷா வருஷம் போட்டு, வருஷா வருஷம் விதை எடுத்து வைத்தவர்.

“இதுதான் கடைசி பன்னெண்டு. அங்க மண்ணும் இல்ல, வெயிலும் இல்ல. என் பையன்கிட்ட குடுத்தா எங்கயாவது போட்டுடுவான். நீங்க பொறுப்பான ஆளு மாப்ளே. இந்தச் செடி காய்ச்சு ஒரு தடவை என் கண்ணால பார்த்துட்டாப் போதும்” என்றார்.

சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. “கண்டிப்பா காய்க்க வைக்கறேன் மாமா, இது சத்தியம்” என்றான் லேபிள். அப்போது செய்த சத்தியம் இன்றுவரை அவன் கழுத்தில் கயிறாகக் கிடக்கிறது.

பன்னிரண்டு குப்பிகளில் விதைத்து ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை சீட்டு ஒட்டினான். ஒன்பது முளைத்தன. ஜன்னலோரம் வைத்ததில் வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நீண்டன. பாவம், வெயில் போதவில்லை என்று ஒரு நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒன்பதையும் தூக்கி மொட்டை மாடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். நாற்றை வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. சாயங்காலம் வந்து பார்த்தால் எட்டு கருகிக் கிடந்தன. சீட்டுகள் மட்டும் அப்படியே அழகாக இருந்தன.

அன்றைக்கென்று பார்த்து மாமனார் போன் செய்தார்.

“எத்தனை மாப்ளே வந்திருக்கு?”

“பன்னெண்டும் ஜம்முனு வந்திருக்கு மாமா.”

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்ற மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“எங்கப்பாகிட்ட ஏங்க பொய் சொல்றீங்க? செத்துப்போச்சுன்னு சொன்னா என்ன, உங்களைத் தூக்குலயா போடப்போறாரு?”

“நாளைக்குச் சொல்லிடறேன்.”

மறுநாள் மாமனார் போட்டோ கேட்டார். லேபிள் மீந்திருந்த ஒற்றைச் செடியைக் குழாயடியில் வைத்து ஒன்று, படிக்கட்டில் ஒன்று, சுவரோரம் ஒன்று என்று தொட்டியைச் சுமந்து சுமந்து பன்னிரண்டு படம் எடுத்து அனுப்பினான். இடுப்பு பிடித்துக்கொண்டது.

“பிரமாதம் மாப்ளே! ஆனா ஒரு ஆச்சரியம் பாருங்க. பன்னெண்டுலயும் மூணாவது இலையில ஒரே இடத்துல ஓட்டை.”

“அது... ஒரே பூச்சி மாமா. வரிசையா கடிச்சிட்டுப் போயிருக்கு.”

“ஒழுங்கான பூச்சிதான்” என்றார் மாமனார்.

இனி இந்த ஒன்றாவது காய்த்தாக வேண்டுமே என்று உரத்தை இரண்டு மடங்காகப் போட்டான். செடி இலையாகத் தள்ளியது. காய்க்கவில்லை என்று மூன்று மடங்காகப் போட்டான். இன்னும் இலையாகத் தள்ளியது. பூத்த பூவெல்லாம் கொட்டிப்போனது.

இப்படி இருக்கையில்தான் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். பன்னிரண்டு செடிக்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமை அவனே போன் செய்து முந்திக்கொண்டான்.

“மாமா, நம்ம செடியைப் பார்த்துட்டு லேப்ல எல்லாரும் ஆசைப்பட்டாங்க. மனசு கேக்கல, பதினொண்ணைக் குடுத்துட்டேன். ஒண்ணுதான் நம்மகிட்ட இருக்கு.”

“ரொம்ப நல்ல காரியம்! அவங்க போன் நம்பரெல்லாம் எழுதி வைங்க மாப்ளே. வந்ததும் ஒவ்வொருத்தரா பேசறேன். அவ தக்காளி பதினோரு வீட்டுல காய்க்குதுன்னா சும்மாவா?”

போனை வைத்தபோது அவனுக்குக் காது இரண்டும் எரிந்தன. இறந்துபோன மனுஷி. அவர் பெயரில் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வேலையில் ஒரு சீட்டு கோணலாக ஒட்டினால் தூக்கம் வராதவன், இங்கே வாயைத் திறந்தாலே தப்புச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் உண்மையைச் சொல்கிற தைரியம் மட்டும் வரவில்லை.

சனிக்கிழமை கடையில் தக்காளி வாங்கிவந்தான். பளபளவென்று உருண்டை உருண்டையாக இருந்தன. மாமியார் வீட்டுப் பழம் இப்படி இருக்காது. வரிவரியாகப் பள்ளம் விழுந்து குட்டிப் பூசணி மாதிரி இருக்கும். அது போகட்டும் என்றால், எதிலுமே காம்பு இல்லை. காம்பு இல்லாமல் எதைப் பிடித்துச் செடியில் கட்டுவது? ஒன்றைப் பசை போட்டு ஒட்டிப் பார்த்தான். அது கீழே விழுந்தபோது கிளையையும் கூட்டிக்கொண்டு விழுந்தது. முறிந்த கிளைக்குப் பரிசோதனை நிலையத்திலிருந்து கொண்டுவந்த பிளாஸ்திரியைச் சுற்றினான். செடி இப்போது விபத்தில் மாட்டியது போல நின்றது.

ஞாயிறு காலை மனைவி அப்பாவை அழைத்துவர பஸ் நிலையத்துக்குக் கிளம்பினாள்.

“வந்ததும் நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது.”

“சொல்லிடறேன்.”

அவள் தெரு திரும்பியதும் காய்கறித் தள்ளுவண்டிக்கார அம்மாளின் குரல் கேட்டது. லேபிள் ஓடினான். வண்டியின் மூலையில் ஒரு கூடை, அதில் வரிவரியாகப் பள்ளம் விழுந்த நாட்டுத் தக்காளி! கும்பிடாத குறை.

“இது எங்கேர்ந்து வருது?”

“என் சொந்தக் கொல்லையில போட்டது. இப்ப இதைக் கேட்டு வாங்கறவங்களே இல்ல. எத்தனை வேணும் தம்பி?”

“பன்னெண்டு. ஆனா...”

“காம்போடயா?” என்றாள் அந்த அம்மாள்.

அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காம்புள்ளதாகப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

மனைவியின் தையல் டப்பாவைக் கவிழ்த்ததில் கைக்குக் கிடைத்தது வெள்ளை நூல். பன்னிரண்டையும் கட்டினான். நூறு முடிச்சு போட்டிருப்பான். பாரம் தாங்காமல் செடி சாய்ந்தது. வீடு துடைக்கிற குச்சியை முட்டுக்கொடுத்தான். தளர்ந்துபோன எட்டாவது பழத்தின் முடிச்சை மறுபடி இறுக்கிக்கொண்டிருக்கும்போது ஆட்டோ வந்து நின்றது.

மாமனார் இறங்கினார். செடியைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

மனைவியும் பார்த்தாள். காலையில் கிளம்பும்போது பழமே இல்லாமல் நின்ற செடியில் இப்போது பன்னிரண்டு பழம். செடியிலிருந்து கண்ணை எடுத்துப் புருஷனைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

“ஏங்க, இது...” என்று அவள் செடியை நெருங்கி இலையைத் தூக்கப் போனாள்.

“தொடாதேம்மா!” என்றார் மாமனார். “காய்ச்ச செடியை நோண்டக் கூடாது. இங்க நின்னே பார்க்கலாம்.”

ஆறடி தள்ளி நின்றே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். லேபிளுக்கு வியர்த்துக் கொட்டியது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து எட்டாவது பழம், முடிச்சு சரியாக விழாத அந்தப் பழம், தொப்பென்று விழுந்து உருண்டு மாமனார் காலடியில் போய் நின்றது.

மாமனார் அந்த வயதுக்கு நம்ப முடியாத வேகத்தில் குனிந்து அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

“பழம்னா இப்படித்தான் தானா உதிரணும்” என்றார். சட்டையில் துடைத்து ஒரு கடி கடித்தார். கண் கலங்கியது. “அதேதான் மாப்ளே. அதே ருசி.”

லேபிள் தரையெல்லாம் கண்ணால் தேடினான். நூலைக் காணவில்லை.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தச் செடி...”

“முதல்ல கொஞ்சம் தண்ணி குடுங்க மாப்ளே.”

தண்ணீர் கொடுத்துவிட்டு, “மாமா, நான் வந்து...” என்றான்.

“ஒரு உறை எடுத்துட்டு வாங்க. விதை எடுத்துடலாம். அவ எழுதற மாதிரியே மேல எழுதுங்க. உங்க கையெழுத்துதான் முத்து முத்தா இருக்குமே.”

மிச்சப் பழத்தைப் பிழிந்து மாமனார் விதையைக் காகிதத்தில் பரப்பினார். லேபிள் பேனாவைத் திறந்தான். ‘அம்மா வீட்டுத் தக்காளி’ என்று எழுதினான். வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரிந்தே, தப்பான சீட்டு. எழுதி முடித்தபோது அழுகை வந்துவிடும் போலிருந்தது. மனைவி உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

பதினோரு பேர் போன் நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமலேயே சாயங்காலம் மாமனார் கிளம்பினார். மனைவி பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் முதலில் ஏறிக்கொண்டாள். வாசலில் அவர் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார்.

“எனக்கு மனசு நிறைஞ்சுபோச்சு. இதை யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க மாப்ளே” என்றார்.

அந்த வார்த்தைதான் அவனை அடித்துப் போட்டது. இதைவிடக் கன்னத்தில் இரண்டு வைத்திருக்கலாம். ஆட்டோ புறப்படும் நேரம், காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பிய காய்கறிக்கார அம்மாள் எதிரே வந்தாள். மாமனார் அவளைப் பார்த்ததும் சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆட்டோ போய்விட்டது.

“அவர் உங்களுக்கு என்ன வேணும் தம்பி?”

“மாமனார்.”

அந்த அம்மாள் கேட்டுக்கு மேலே எட்டிச் செடியை ஒரு பார்வை பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள்.

“வெள்ளை நூல் பளிச்சுனு தெரியுது பாருங்க தம்பி. உங்க மாமனாரு வருஷா வருஷம் அவங்க வீட்டம்மா எழுந்திரிக்கிறதுக்குள்ள என்கிட்ட காம்போட வாங்கிட்டுப் போய் அவங்க செடியில கட்டுவாரே, பச்சை நூல்தான் கட்டுவாரு!”