செம்பனைச் செல்விக்குத் தாய்மாமன் ஆன கதை

குளுவாங் மாநகரில் கோபமே ஆசனமாகக் கொலுவீற்றிருக்கும் என் அருமை அக்கா யோகேஸ்வரி அவர்களின் சமூகத்துக்கு, தெப்ராவ் வட்டாரத்தின் முடிசூடா மன்னனும் முடி கொட்டிய மன்னனுமாகிய உன் தம்பி மகேஸ்வரன் பணிந்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், என் மனைவி வெள்ளையம்மா, வாசலில் படுத்திருக்கும் பேர் தெரியாத பூனை ஆகிய மூவரும் சுகம். அவ்விடத்து சுகத்தைக் கேட்டால் நீ முழங்காலில் ஆரம்பிப்பாய் என்பதால் கேட்கவில்லை.

அக்கா, இதில் நான் சொல்லப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்ப வேண்டாம், படித்தால் போதும். போனில் சொல்லலாம்தான், ஆனால் ஷாமளா என்ற பெயர் காதில் விழுந்த உடனே நீ போனை வைத்துவிடுகிறாய். பெற்ற மகளின் பெயரைக் கேட்டு இவ்வளவு வேகமாகப் போனை வைக்கும் தாய் ஜொகூர் மாநிலத்திலேயே இல்லை. கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் கடிதம்.

போன மாதம் நீ எனக்கு இட்ட கட்டளை ஞாபகம் இருக்கும். "நீதானேடா தாய்மாமன், அவளுக்குத் தலைக்கு ஊத்துனப்ப சீர் தூக்கிட்டு வந்தவன் நீதானே, இப்பயும் நீயே போயி புத்தி சொல்லு, அந்தப் படக்கதைய நிறுத்துற வரைக்கும் தீபாவளிக்கு இந்தப் பக்கம் வரவேணாம்னு சொல்லு" என்றாய். தாய்மாமன் என்ற சொல்லைக் கேட்டால் என் மார்பு தானாக விரியும். விரிந்த மார்போடு காரில் ஏறினேன். ஸ்கூடாய் சாலை நெரிசல் உனக்குத் தெரியாததல்ல. புறப்படும்போது மழமழவென்று சவரம் செய்திருந்தவன், போய்ச் சேரும்போது தாடியை மடித்து சட்டைப் பையில் வைத்திருந்தேன். அங்கே உன் மகளும் அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் பிரேமலாவும் கதவைத் திறந்தார்கள். நான் புத்தி சொல்ல வாயைத் திறந்தேன், உள்ளே முறுக்கு வந்தது.

"மாமா, புத்தி அப்புறம் சொல்லலாம். மொத நான் வரையிற கதைய படிங்க" என்று ஷாமளா போனை நீட்டினாள்.

படித்தேன் அக்கா. செம்பனைச் செல்வி என்று ஒருத்தி. பகலெல்லாம் செம்பனை ஆலையில் லோரி நிறுக்கிற வேலை, மழை பிடித்தால் பறப்பாள். பறக்கும்போது கீழே ஓலைகள் எல்லாம் பச்சைக் கடல் போல ஒரே பக்கமாகச் சாயும். விடிவதற்கு முன்னால், சிங்கப்பூர்ப் பாலத்தில் மோட்டார்கள் விளக்கு மாலை கோத்ததுபோல நகர்ந்துகொண்டிருக்கும்போது, இவள் பனிக்குள் மிதந்து வந்து ஒரே ஒரு மோட்டாரைத் தேடுவாள். அதில் கயல் என்று ஒரு பெண், எதிர்க்காற்றுக் குளிருக்காகச் சட்டையை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு, தூக்கம் கலையாமல் வேலைக்குப் போவாள். செல்வி அவளை மோட்டாரோடு சேர்த்து மெதுவாக, டீ தளும்பாமல் எடுப்பதுபோலத் தூக்கி அந்தக் கரையில் வைப்பாள். கயல் மட்டும் அண்ணாந்து பார்ப்பாள். இவ்வளவுதான் காதல். கயலின் முகம் பிரேமலாவின் முகம். அது எனக்குத் தெரிந்ததுபோல உனக்கும் தெரியும், அதனால்தான் நீ தீபாவளியையே சட்டம் போட்டு நிறுத்துகிறாய்.

கதையை நிறுத்தச் சொல்ல நான் வேறு வேண்டியதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் காரியத்தை மனோகரன் என்கிற கோலாலம்பூர்ப் பதிப்பாசிரியர் ஏற்கெனவே கையில் எடுத்திருந்தார். புத்தகமாகப் போட வேண்டுமென்றால் செல்விக்கு இடுப்பு ஒரு பிடிக்குள் அடங்க வேண்டுமாம், சண்டை வந்தால் எதிரிக்கு மூக்கும் இவளுக்குச் சட்டையும் கிழிய வேண்டுமாம், அதற்கெல்லாம் மேலாக, நிற்கும்போது முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் வாசகரைப் பார்க்க வேண்டுமாம். மாதிரிக்குப் படம் வேறு அனுப்பியிருந்தார். தொழிற்சாலை பஸ் ஓட்டியே தலை நரைத்தவன் நான், ஷிப்ட் முடிந்து ஏறின எந்தப் பெண்ணும் இப்படி வளைந்து ஏறிப் பார்த்ததில்லை.

"கடைசி அத்தியாயத்துல கயல் சாகணும்னு சொல்றாரு மாமா" என்றாள் ஷாமளா. "இல்லன்னா செல்விக்கு ஒரு இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளை பார்க்கணுமாம்."

"ஏன், கயலுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. படக்கதையில ரெண்டு பொண்ணுங்க ஒண்ணா சந்தோஷமா இருந்தா, முடிக்கிறதுக்குள்ள ஒருத்திய போட்டுத் தள்ளிருவாங்க. ரொம்ப நாளா அப்படித்தான்."

பிரேமலா தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அங்கிள், என்னைய எப்படிச் சாகடிக்கலாம்னு இங்க தெனம் மீட்டிங் நடக்குது லா" என்று சிரித்தாள். ஷாமளா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். ஆசிரியர் அனுப்பிய அந்த நிலை மனிதப் பிறவிக்குச் சாத்தியமா என்று உலகத்துக்கு நிரூபிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டதாக எனக்குப் பட்டது. கண்ணாடி முன் நின்றேன். மார்பைக் கிழக்கே அனுப்பினேன், இடுப்பை மேற்கே அனுப்பினேன், கழுத்தைத் திருப்பி ஒரு மயக்கும் பார்வை பார்த்தேன். படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான், பூட்டிக்கொண்டது. முன்னால் நடக்க நினைத்தால் பின்னால் போனேன். கோப்பை வாய்க்கு வருவதற்குப் பதில் தோளுக்குப் போனது. வெள்ளையம்மா வந்து நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "யாருக்குக் காட்டறதுக்கு இந்த நிப்பு? வயசு என்ன, வளைவு என்ன. தைலம் எல்லாம் போட மாட்டேன், எந்தப் பக்கம் முதுகுன்னே தெரியல" என்று சொல்லிவிட்டுச் சீரியல் பார்க்கப் போய்விட்டாள். வைத்தியர்கள் வந்தார்கள். ஜொகூரில் இருந்த அத்தனை வைத்தியர்களும் வந்தார்கள், என்னை ஒரு முறை வலம் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் மழை விட்டு, வானம் பழுத்த பப்பாளி நிறத்தில் கிடந்தது. எங்கள் தாமான் குடியிருப்பே குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் நின்றதுபோல இருந்தது. துணிக்கொடியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், கொடி தாழவே இல்லை. ஆலை வாசனையும் மழை வாசனையும் சேர்ந்து வீசியது. நான் கழுத்தைத் திருப்பாமலே பார்த்தேன், அது ஏற்கெனவே திரும்பித்தான் இருந்தது. நம்ம வீட்டுப் பெண்களுக்கு இருக்கிற மாதிரி இடுப்பு, முழங்கை வரைக்கும் சட்டை, சட்டையில் பாக்கெட், பாக்கெட்டில் தைலப் புட்டி.

"மாமா, நீங்க எனக்காகத்தானே வளைஞ்சீங்க" என்றாள் செல்வி. இறங்கி வந்து, ஈரத் துண்டைப் பிழிகிறவள்போல என்னைத் தலையிலும் காலிலும் பிடித்து எதிர்ப்பக்கமாக ஒரு முறுக்கு முறுக்கினாள். பிறந்த அன்று இருந்ததைவிட நேராகிவிட்டேன்.

பிறகு என்னைக் கைலியோடு சேர்த்து முதுகில் போட்டுக்கொண்டு பறந்தாள் அக்கா. கீழே தெப்ராவ் தொழிற்சாலைக் கூரைகள் தூங்கும் எருமைகள்போல ஒதுங்கின. மேகத்துக்குள் போனபோது அலமாக், என்ன குளிர், பஞ்சு மிட்டாய்க்குள் நுழைந்த எறும்புபோல ஆனேன். சத்தமே இல்லை. தூரத்தில் குளுவாங் ரயில் ஒன்று செம்பனைகளுக்கு நடுவே மினுக்கிக்கொண்டு கனவில் வருவதுபோல வந்தது. உன் வீட்டுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றோம். நீ சமையலறை வாசலில் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, போனில் எதையோ இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய். கயல் அண்ணாந்து பார்க்கிற அந்தப் படம்தான். பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாய். மேலே மட்டும் பார்க்கவில்லை.

"இவங்கதான் என்னை வரையிறவளோட அம்மாவா?" என்று செல்வி கேட்டாள். "எனக்கு அம்மா கிடையாது மாமா. எங்க கூட்டத்துல எல்லாருக்கும் அம்மா அப்பாவ மொத பக்கத்துலயே கொன்னுருவாங்க, அப்பதான் பறக்க வருமாம். எனக்குன்னு கேக்க ஆளில்லாததாலதான் அந்த ஆசிரியர் கயல சாகடிக்கிறாரு. நீங்க தாய்மாமனா வந்து முறைப்படி பேசி முடிச்சிட்டா, அப்புறம் யார் கை வைக்க முடியும்?"

இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்வான். என் மார்பு விரிந்ததில் ஒரு மேகம் ஒதுங்கி வழிவிட்டது. வெற்றிலை பாக்கு, பழம், பூ, கல்கண்டு, ஒரு பட்டுப்புடவை என்று ஒற்றைப்படையில் தட்டு கட்டி, வெள்ளையம்மாவையும் ஏற்றிக்கொண்டு, வான வழியாகக் கயலின் வீட்டு வாசலில் இறங்கினோம். இறங்கிய பிறகுதான் சிக்கல். நாங்கள் மாப்பிள்ளை வீடு என்று நினைத்துத் தட்டோடு போக, அங்கே கயலின் அம்மா தாங்கள்தான் மாப்பிள்ளை வீடு என்று நினைத்துத் தட்டு கட்டிப் புறப்பட்டு வாசலில் நிற்கிறார். இரண்டு பக்கமும் கொடுக்கத்தான் ஆள், வாங்க ஒரு கை காலியில்லை. "நீங்க வைங்க", "இல்லைங்க நீங்க வைங்க" என்று உபசாரம் வளர்ந்து, பூ வாடி, மறுபடி மலர்ந்து, பழம் மரமாகி நிழல் கொடுத்தது. கடைசியில் செல்வி எல்லாத் தட்டுகளையும் காற்றில் மிதக்க விட்டாள். அவை நடுவானில் தாமாகவே இடம் மாறி எங்கள் கைகளில் இறங்கின. இரண்டு பெண் வீட்டுக்காரர்களும் அழுதோம். அந்த நிமிஷமே மனோகரன் தன் பேனாவில் மை வற்றி, உண்மையைச் சொல்வதானால் கண்ணீரில் கரைந்து, மனம் திருந்தினார். கயல் சாகவில்லை.

இத்தனையையும் உன் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறேன். உன் கோபம் நீடூழி வாழட்டும், அதைவிட நீ ஒரு நாளாவது கூடுதலாக வாழ்ந்து அதை வழியனுப்பி வைக்க வேண்டும். வெள்ளையம்மா உன் காலைத் தொட்டுக் கும்பிட்டதாக எழுதச் சொல்லவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மூத்தவளான உன் ஆசி வேண்டும்.

இப்படிக்கு,
வான்வழித் தாய்மாமன்,
மகேஸ்வரன்

பின்குறிப்பு: மேலே உள்ளது எல்லாம் பொய் அக்கா. முதுகு பிடித்துக்கொண்டது சமையல் கேஸ் தோம்பை, அந்த இரும்பு உருளையை, தூக்கியதில். நான் பறக்கவில்லை, நீ போனில் படத்தைப் பெரிதாக்கியதையும் பார்க்கவில்லை, அது ஊகம். மனோகரன் திருந்தவில்லை, ஷாமளாதான் "உங்க புத்தகம் வேணாம் சார்" என்று எழுதிவிட்டு போனிலேயே கதையைத் தொடர்கிறாள். ஒரே ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். தட்டு. போன ஞாயிற்றுக்கிழமை நானும் வெள்ளையம்மாவும் ஷாமளாவைக் கூட்டிக்கொண்டு பிரேமலாவின் அம்மா வீட்டுக்குத் தட்டோடு போனோம். அந்த அம்மா, கருப்பாயி என்று பெயர், நிஜமாகவே தட்டு கட்டிவிட்டு வாசலில் நின்றார். எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பொண்ணோட அம்மா வரலீங்களா?" என்றார். ஷாமளா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறந்தேன், வழக்கமாக வருவதுதான் வந்தது. "வராங்க, குளுவாங்லேர்ந்து கெளம்பிட்டாங்க, வழியில ஜாம்" என்றேன். "அப்ப அவங்க வந்ததும் மாத்திக்கலாம்" என்று அவர் தட்டுகளைச் சாமி மேடையில் வைத்துவிட்டார். அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன, தினமும் பூ மாற்றுகிறாராம். நான் சொன்ன ஒரு பொய்யை ஒருவர் முழுசாக நம்பியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. கிளம்பி வா.