சம்சயம் அண்ணனுக்க நெஞ்சு

தன் நெஞ்சு தன்னுடையதுதானா என்று சந்தேகப்பட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் கருங்கல் ஊர்ச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்யும் சம்சயம் அண்ணன்தான். சம்சயம் என்றால் எங்கள் பக்கம் சந்தேகம். அவரது உண்மைப் பெயர் அவர் வீட்டாருக்கே மறந்திருக்கும்.

டீ மாஸ்டர் ஒரு மடக்குக் குடித்துக் காட்டாமல் அண்ணன் டீயைத் தொடமாட்டார். சர்ச்சில் ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடும்போது, ஒற்றைக் கண்ணைத் திறந்து வெளியே கிடக்கும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் என் ஜெராக்ஸ் கடை முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது. நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன். இதயத்துக்குள் ஓடும் கரண்ட் பாதை மாறிச் சுற்றுகிறது, தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு, படம் பிடித்து, கெட்ட இடத்தைச் சுட்டுவிடலாம் என்றார் டாக்டர்.

"நெஞ்சுக்குப் போக எதுக்கு டாக்டரே தொடை? குழித்துறைக்குப் போறவன் எதிர்த்திசையில வட்டக்கோட்டை சுத்தியா போவான்?"

கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். மயக்க மருந்து கூடாது; மயங்கினால் படத்தை மாற்றிவிடுவார்களாம். பக்கத்து அறையிலிருந்து கண்ணாடி வழியாக நான் காவல் நிற்கவேண்டும். டாக்டர் சிரித்துக்கொண்டே அனுமதித்தார்; இரண்டு அறைக்கும் பேச மைக் இருந்தது.

கம்பி தொட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாகச் சேர்ந்து, திரையில் ஒரு இதயம் உருவானது. கரண்ட் முதலில் வரும் இடம் சிவப்பு, பிறகு மஞ்சள், பச்சை, நீலம், கடைசியாக வருவது ஊதா. ஒரு மூலையில் மட்டும் ஊதா போய்ச் சிவப்பை முட்டி நின்றது. அங்கேதான் கரண்ட் வட்டமடிக்கிறது என்றார் டாக்டர்.

மேஜையில் கிடந்தவர் திரையை முறைத்தார். "இது எனக்க நெஞ்சுதான்னு என்ன உறுதி? வேற ஆருக்கதோ இல்லியா?"

யாரும் பதில் சொல்வதற்குள், மேஜையே அதிரும்படி இருமினார். படம் மொத்தமும் நகர்ந்துவிட்டது.

"ஐயா! எதுக்கு இருமினீங்க?" பதறினார் டாக்டர்.

"படம் குதிச்சுதா?"

"குதிச்சுது!"

"அப்ப எனக்கதுதான். நடத்துங்க."

பாவம் டாக்டர், முதலிலிருந்து ஆரம்பித்தார். கெட்ட இடத்தைச் சுடத் தொடங்கினார். அண்ணனின் மெல்லிய குரல் மைக்கில் கேட்டது: "மக்கா, போயிட்டியா?"

"இல்லண்ணே. இங்கதான் நிக்கேன்."

துடிப்பு சீரானது.

பிறகொருநாள் புரோட்டா தின்றுவிட்டு நான் நெஞ்சைத் தடவினேன். வெறும் கேஸ் என்றேன், அண்ணன் நம்பவில்லை. சாவுக்குக்கூடக் கடையைச் சாத்தாதவர், சாத்திவிட்டு என்னை ஈசிஜி எடுக்க இழுத்துப்போனார். ஒன்றுமில்லை என்று வந்தது. அதையும் நம்பவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் போன் வரும்: "ஏலே, உள்ளத சொல்லு, நெஞ்சு சரியாத்தான் இருக்கா?"

ஒருநாள் போன் வரவில்லை. ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசலில் நின்று, சார்ஜ் ஏறாத போனையும் சார்ஜர் விற்றவனையும் திட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.