வீசுதட்டு என்று ஒரு பெயர்

செய்தித்தாளில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதற்காவது தலைப்பு வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. முழு வேலையும் முடிந்துவிட்டது என்று நினைப்பேன். இல்லாவிட்டால், பறக்காத ஒரு பொருளுக்கு முதலில் பெயர் வைத்துவிட்டு, அப்புறம் அதைப் பறக்கவைக்க வழி தேடியிருப்பேனா?

விளையாட்டுச் சாமான் வடிவமைக்க எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். (என் மனைவி மாலதி கேட்டாள். பலமுறை.) நான் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்தவன். நாளிதழ் முதலில் பக்கங்களைக் குறைத்தது, பிறகு ஆட்களைக் குறைத்தது. அந்த ஆட்களில் நானும் இருந்தேன். அதன் பிறகு எல்லைக்கு இப்பால் ஜொகூரின் கெலாங் பாத்தாவில் வீடு, பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் வேலை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில், பெட்டிகளின் மேல் அச்சாகும் எழுத்துகளைச் சரிபார்ப்பவன். அமைச்சர்களின் அறிக்கைகளில் ஒற்றுப்பிழை தேடிய கண், இப்போது ‘குளிர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்பதில் தேடிக்கொண்டிருந்தது.

வேலை மோசமில்லை. போய்வருவதுதான் ஆளைத் தின்றது. விடியுமுன் பேருந்து, குடிநுழைவு வரிசை, மறுபடி பேருந்து, மறுபடி வரிசை. சாயங்காலம் இதே கதை எதிர்த்திசையில். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போதே, இதை நாளைக்கு மாட்ட வேண்டுமே என்றுதான் தோன்றும். அந்தப் பாலத்திலிருந்து இறங்க எந்த வழி கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும் நிலையில் இருந்தேன். கிடைத்த வழி வட்டமாக இருந்தது.

வழியைக் காட்டியவன் குணா, மாலதியின் தம்பி. எங்கள் வீட்டுக்கு அருகிலிருக்கும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அச்சுகள் செய்யும் பிரிவில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக வாசல் கேட்டுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தோம். சாயம் கொட்டிவிட்ட எரிச்சலில், வாளியின் மூடியை நான் விட்டெறிந்தேன். அது வேலியைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதிர்வீட்டுக் காரின் கூரைமேல் மிகப் பதமாக இறங்கியது.

“அலமாக்! பறக்குதுலா மாமா!” என்றான் குணா. எதிர்வீட்டுக்காரர் வெளியே வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே தொடர்ந்தான். “கடையில விக்கிறதெல்லாம் பெரிய ஆளுங்க கைக்குத்தான் சரியா இருக்கு. சின்னப் பிள்ளைங்க கைக்கு அடங்கற மாதிரி ஒன்னு செஞ்சா என்ன?”

பொருளைப் பற்றி அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் பெயரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

“ஃபிளையிங் டிஸ்க்னு போட்டுடுங்க மாமா. எல்லாருக்கும் புரியும்.”

“தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்களும் விளையாடணும் குணா. தமிழ்ல வேணும்.”

“அப்ப பறக்கும் தட்டு.”

“அதுல வேற்றுக்கிரகத்து ஆளுங்க வந்து இறங்குவாங்க.”

கடைசியில் ‘வீசுதட்டு’ என்று முடிவு செய்தேன். அது வினைத்தொகை என்றும், வீசிய தட்டு, வீசுகின்ற தட்டு, வீசும் தட்டு என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும் என்றும் குணாவுக்கு விளக்கினேன். சாயத் தூரிகையைக் கையில் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டான்.

“ஒரு காலத்துல பறந்தா போதும் மாமா” என்றான்.

பறக்கவைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. ஐஸ்கிரீம் டப்பா மூடியில் செய்த முதல் மாதிரி எழுந்தது, யோசித்தது, விழுந்தது. அடுத்தது கொஞ்ச தூரம் நேராகப் போய், யாரோ கூப்பிட்டது போல இடப்பக்கம் திரும்பிவிட்டது. இப்படிப்பட்ட தட்டுகளின் சூட்சுமம் விளிம்பில் இருக்கிறது என்று குணா கண்டுபிடித்தான். நடு மெல்லிசாகவும் விளிம்பு கனமாகவும் இருந்தால்தான் சுழற்சி நிலைத்து நிற்கும். தட்டு சாயாமல் போகும். விரல்கள் பற்றிக்கொள்ள வசதியாக விளிம்பு ஆழமாகக் கீழ்நோக்கி மடங்க வேண்டும். இதெல்லாம் அவன் யோசனை.

என் பங்களிப்பு ஒன்றே ஒன்று. வேர்த்த கை வழுக்காமலிருக்க, தட்டின் உட்புறத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை வளைந்து போகும் மூன்று மேடுகளை வரைந்துகொடுத்தேன். அதனால் உட்புறம் மூன்று அறைகளாகப் பிரிந்தது. ஆழமான விளிம்பு, மூன்று அறைகள். அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் ரசித்தேன். எனக்கு வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

குணாவின் முதலாளி, பழைய மூடி அச்சு ஒன்றைத் திருத்திக்கொள்ளவும், உணவு டப்பா செய்து மிஞ்சிய பச்சை நிறப் பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்ளவும் அனுமதித்தார். வந்த முதல் தட்டைத் திடலில் வீசிப் பார்த்தோம். கொஞ்சம் ஆடிக்கொண்டே போய் எங்கோ இறங்கியது. அதற்கப்புறம் இருட்டும்வரை அதைத் தேடினோம்.

“புல்லுல விளையாடுற சாமானுக்கு யாராச்சும் பச்ச கலர் வைப்பாங்களா?” என்றாள் மாலதி. அப்போது இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஷாமினி, தன் தோழிகள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று காரிலிருந்து இறங்கவே இல்லை.

“விளிம்புல கனம் பத்தல மாமா. அதான் ஆடுது. அச்ச மறுபடியும் வெட்டணும்” என்றான் குணா.

முதலாளி அதற்கு ஒப்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, பெட்டி தயாரிப்பதில் மும்முரமாக இருந்தேன். நான்கு பக்கமும் ‘வீசுதட்டு’ என்று கொட்டை எழுத்தில், தூரத்திலிருந்தே படிக்கும்படி. பெட்டியில் ஒரு பிழைகூட இல்லை. பெட்டிதானே என் தொழில்.

குணாவின் முதலாளிக்குத் தெரிந்தவர் மிஸ்டர் டான். ஜொகூர் முழுக்கப் பாலர் பள்ளிகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் கொடுப்பவர். அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: பிள்ளைகள் அதைத் தாமாக எடுத்து வீச வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அவர் ஓரமாக நின்று பார்ப்பார். அப்படி வீசினால் அத்தனை பாலர் பள்ளிகளுக்கும் வாங்கிக்கொள்வார்.

அத்தனை பாலர் பள்ளிகள் என்றால் எனக்குப் பாலம் இல்லை. “தீபாவளிக்குள்ள வேலைய விட்டுடுவேன்” என்று மாலதியிடம் அறிவித்தேன்.

“மொதல்ல அது நேரா போவட்டும்” என்றாள்.

எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் குடும்ப தினத்துக்கு டானை வரச்சொன்னேன். திடலில் கூடாரம், மேடை, சாக்கு ஓட்டம், பின்பக்கம் சாப்பாடு, பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. தட்டுப் பெட்டிகளை மேடைக்குப் பக்கத்தில் அடுக்கினேன். ஒலிபெருக்கி சங்கச் செயலாளர் ராஜூ அண்ணன் கையில் இருந்தது. “பெட்டியைத் திறந்துவைத்து, ஆளுக்கு ஒன்று என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்” என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, டானை வரவேற்கக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன்.

எனக்குத் தெரியாமல் போன ஒரு செய்தி: சாப்பாட்டுக்குக் காகிதத் தட்டு வாங்கிவர வேண்டியவரும் இதே ராஜூ அண்ணன்தான். மறந்துவிட்டார்.

டானின் கார்க் கதவை நான் திறந்துவிடும்போது காற்றில் துண்டு துண்டாக ஒலிபெருக்கி கேட்டது. “...வீசுற தட்டு... மேடைக்குப் பக்கத்துல... ஆளுக்கு ஒன்னு!”

வினைத்தொகையை இப்படி உடைத்துவிட்டாரே என்று வருத்தப்பட்டேன். (கவனியுங்கள், அந்த நேரத்தில் எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான்.)

நாங்கள் திடலுக்கு வந்தபோது, மேடையருகே நீளமான வரிசை நின்றது. குழந்தைகள், இளைஞர்கள், தடியூன்றிய பெரியவர்கள்கூட. ஒவ்வொருவரும் ஒரு பச்சைத் தட்டை எடுத்துக்கொண்டு வேகமாகக் கூடாரத்தின் பின்பக்கம் போனார்கள். “வாஹ், ராமாய் ஓராங்!” என்று டான் மலாயில் வியந்தார். எவ்வளவு கூட்டமாம். எல்லா வயதினருக்கும் ஏற்ற விளையாட்டு என்று அடக்கத்தோடு சொன்னேன். பின்பக்கம் இடம் அதிகம், அதனால் அங்கே வீசப் போகிறார்கள் என்றும் விளக்கினேன்.

பின்பக்கம் போனோம். என் கண்முன் முதல் தட்டு திரும்பியது. குழிந்த பக்கம் மேலே வந்தது. ஓர் அறையில் சோறும் பருப்பும் விழுந்தன. அடுத்ததில் கோழிக் குழம்பு. மூன்றாவதில் முட்டைக்கோஸ்.

“யாருப்பா இத செஞ்சது?” என்று பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை உயர்த்தியபடி கேட்டார். “கொழம்பு கோசு பக்கமே போவ மாட்டேங்குது பாரு!”

என் வடிவமைப்புக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

மேடைக்கு ஓடினேன். ராஜூ அண்ணன் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார். “நல்ல நேரத்துல காப்பாத்துன தம்பி! பெட்டியில பேரப் பாத்தேன், உயிர் வந்துச்சு. ஒன்னோட அன்பளிப்புன்னு மைக்லயே சொல்லிட்டேன்!”

ஒலிபெருக்கியை வாங்கினேன். நாளிதழில் திருத்தம் போடுவோம். பிழையை எல்லாரும் படித்து முடித்த பிறகுதான் அது வெளிவரும். இதுவும் அப்படித்தான். “அன்பர்களே, இது சாப்பிடுற தட்டு இல்ல. வீசுற தட்டு!”

வாயில் சோற்றோடு ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “தெரியும்லா தம்பி. சாப்பிட்டுட்டுத்தான் வீசுவோம். அதுக்குள்ள என்ன அவசரம்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் பந்தையும் வீசுவோம், குப்பையையும் வீசுவோம். பழைய செருப்பு, உடைந்த நாற்காலி, கெட்டுப்போன குழம்பு, எல்லாவற்றையும் வீசுவதுதான். பிறந்ததிலிருந்து நானும் அப்படித்தான் பேசிவந்திருக்கிறேன். பெயர் வைக்கும்போது மட்டும் இலக்கணப் புத்தகத்தைத் திறந்துவிட்டேன். ஒருமுறை தின்றுவிட்டுக் குப்பையில் போடும் தட்டு என்று நானே என் பொருளுக்கு நான்கு பக்கமும் கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்திருந்தேன்.

திரும்பி வந்தபோது டான் கையிலும் ஒரு தட்டு இருந்தது. யாரோ அன்பாகப் பரிமாறிவிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாடு முடிந்தது. குப்பைத் தொட்டி திடலின் மூலையில் இருந்தது. நடக்கச் சோம்பல்பட்ட ஒரு சிறுவன், தன் தட்டையும் தங்கையின் தட்டையும் ஒன்றுமேல் ஒன்றாக அழுத்தினான். இடையில் மிச்சமிருந்த பருப்பு பசைபோல ஒட்டிக்கொண்டது. இரண்டையும் சேர்த்துத் தொட்டியை நோக்கி வீசினான்.

அது பறந்தது. ஆடவில்லை, சாயவில்லை, இடப்பக்கம் திரும்பவில்லை. இரண்டு விளிம்புகளின் கனமும் சேர்ந்ததில், புல்லுக்கு மேலே மட்டம் பார்த்து வைத்தது போல ஒரே நேர்கோட்டில் போனது. குணாவும் நானும் அத்தனை மாதங்கள் தேடிய பறத்தல் அது. “நேரா போவுது! குணா, நேரா போவுது!” என்று குதித்தேன். கூடாரத்தின் மறுகோடியில் நின்ற குணாவும் கையை உயர்த்திக் கத்தினான். அது எங்கே போகிறது என்று இருவருமே பார்க்கவில்லை.

மிஸ்டர் டானின் நெஞ்சில் போய் நின்றது. அவர் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார்.

அதைப் பார்த்த மற்ற பிள்ளைகளுக்கு விளையாட்டு பிடிபட்டுவிட்டது. திடலெங்கும் தட்டுகள் எழுந்தன. பருப்பு, குழம்பு, கறிவேப்பிலை எல்லாம் கூடவே எழுந்தன. அம்மாக்கள் குடை விரித்தார்கள். ராஜூ அண்ணன் மேடைக்கு அடியில் ஒதுங்கினார். பிள்ளைகள் தாமாகவே எடுத்து வீசினார்கள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டானின் நிபந்தனை எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது.

என் கைக்குட்டையால் அவர் சட்டையைத் துடைத்தேன். மஞ்சள் இன்னும் கொஞ்சம் பரவியது.

“டெர்பாங் பாகுஸ்” என்றார். நன்றாகத்தான் பறக்கிறதாம். பிறகு யோசித்துக் கேட்டார்: ஒவ்வொரு முறையும் பருப்பு தேவைப்படுமா?

அவர் கோபப்படவில்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது. போகும்போது கழுவிய தட்டு இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். மனைவிக்குக் காட்ட வேண்டுமாம். அதற்கப்புறம் அவரிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. திங்கட்கிழமை விடியுமுன் நான் காலணியை மாட்டிக்கொண்டேன். இன்றுவரை மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீசிய தட்டுகளையெல்லாம் பொறுக்கிவந்து எங்கள் வீட்டுப் பின்புறத்தில் கழுவினோம். பச்சைத் தட்டு பச்சைப் புல்லில் கிடந்ததால், பொறுக்குவதற்கே வெகுநேரம் ஆனது. இப்போது எங்கள் பகுதியில் பிறந்தநாள், காதுகுத்து என்றால் அந்தத் தட்டுகள்தாம் போகின்றன. நான் பாலத்தில் வரிசையில் நிற்கும்போது தொலைபேசி அடிக்கும். “தட்டு அண்ணனா? சனிக்கிழம நம்ம வீட்ல ஒரு சின்ன விசேஷம்...” பழைய நாளிதழில் என் பெயர் என்னவாக அச்சானது என்பது இப்போது யாருக்கும் நினைவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, பிள்ளைகளுக்குப் புதுவிதமான பம்பரம் ஒன்று தோன்றியிருப்பதாக நான் பேச்செடுத்தேன். மாலதி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்: “இதுல சோறு நிக்குமா?”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்தத் திட்டத்தோடு வந்தாலும் அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். குணா பழைய கார் வாங்க நினைத்தபோது கேட்கப்பட்டது. பக்கத்து ஊரான பெக்கான் நானாஸில் அவனுக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் வீட்டு வாசலிலேயே கிசுகிசுப்பாகக் கேட்கப்பட்டது.

போன மாதம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கப்போவதாக ஷாமினி சொன்னாள். குணா கோழிக்காலைத் தட்டில் வைத்தான். மாலதி என்னைப் பார்த்தாள்.

“இதுல சோறு நிக்குமா?” என்று கேட்டவன் நான்தான்.

“நிக்கலன்னா வீசிடலாம்பா” என்றாள் ஷாமினி.

எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்கவில்லை.