பத்து நொடிக்கு ஒரு பெரியப்பா

புதுமனை புகுவிழாவுக்குச் சுவர்க்கடிகாரம் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை ஒரு காலத்தில் ஏளனமாகப் பார்த்தவன் நான். இப்போது அவர்களைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கடிகாரம் நேரத்தைத் தப்பாகக் காட்டும். ஆளைத் தப்பாகக் காட்டாது.

மலைமேல் ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் என் மாமனார் புது வீடு கட்டி, பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார். எங்களுடையது காதல் கல்யாணம். மாமனார் மனம் இறங்கிவிட்டார். அவருடைய அண்ணன், அதாவது என் மனைவி கலாவின் பெரியப்பா, இறங்கவில்லை. மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத வேலூர்க்காரனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டார்களே என்று அவருக்கு ஆற்றாமை. (அவர் கணிப்பில் பிழையில்லை என்பது வேறு விஷயம்.) கல்யாணத்திலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பக்கத்திலேயே நின்றாலும் கலாவிடம்தான் கேட்பார். அவள் திரும்பி என்னிடம் கேட்டு, என் பதிலை அவரிடம் சேர்ப்பாள். கலாவுக்கு இது தீராத வேதனை. தன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர் கட்டிக்கொண்டவனோடு முகம் கொடுத்துப் பேசினால் போதும் என்று அடிக்கடி சொல்வாள்.

இந்தப் பகையை ஒரே பரிசில் தீர்த்துவைக்க முடிவெடுத்து, டிஜிட்டல் போட்டோ ஃபிரேம் ஒன்று வாங்கினேன். கடைக்காரர், "நினைவுகள் உயிரோட நடமாடும் சார்" என்றார். (அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.) மாமனாரின் அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அவருடைய செல்லரித்த ஒரே போட்டோவை ஸ்டுடியோவில் கொடுத்துக் கலர் பண்ணி, முதல் படமாக மெமரி கார்டில் ஏற்றினேன். பின்னால் குடும்பப் படங்கள். பத்து நொடிக்கு ஒன்று மாறும்.

விசேஷத்தன்று கூடத்துச் சுவரில் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். தாத்தா பளிச்சென்று வந்தார். எல்லோரும் ஆசைதீரப் பார்க்கட்டும் என்று அந்தப் படத்திலேயே நிறுத்தினேன். பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரே போய்ச் சாமந்தி மாலை கொண்டுவந்து ஃபிரேமுக்குப் போட்டார். மாமியார் சந்தனம் குழைத்துத் தாத்தாவின் நெற்றியில் வைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தினார். அது தொடுதிரை, கை பட்டால் நின்ற படம் ஓடத் தொடங்கிவிடும் என்பதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. காலமானவர் படத்துக்கு நாம் பொட்டு வைப்போம் என்பது அதைச் செய்தவனுக்கும் தெரிந்திருக்காது.

கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். திறந்தபோது மாலைக்குள் பெரியப்பா இருந்தார். எங்கள் கல்யாணத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்ற படம். தாத்தாவின் நெற்றிப் பொட்டு இவருக்கு மூக்கின் மேல் இருந்தது. உயிரோடிருக்கும் மனிதர் படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். இவரோ தன் கையாலேயே போட்டுக்கொண்டிருக்கிறார். பாய்ந்து போய்த் திரையைத் தட்டினேன். அடுத்து நான் வந்தேன். பாண்டிச்சேரிக் கடற்கரையில், அரை டவுசரில், கூலிங் கிளாஸோடு. கும்பிட்ட கைகள் அவசரமாகக் கீழே இறங்கின.

பெரியப்பா பின்பக்கம் புளியமரத்தடிக்குப் போய்விட்டார். பிளக்கைப் பிடுங்கப் போனால், கற்பூரம் காட்டியதை அணைப்பது அபசகுனம் என்று மாமியார் தடுத்துவிட்டார். போட்ட மாலையைக் கழற்றுவதும் ஆகாதாம். கலா என் பக்கமே பார்க்கவில்லை. படங்கள் ஒரு சுற்று முடிந்து மறுபடி ஓட ஆரம்பித்தன.

அந்த நேரம் பார்த்துச் செங்கத்திலிருந்து அத்தை வந்து சேர்ந்தார். பெரியப்பாவின் தங்கை. மலைப்பாதையில் பஸ் பழுதாகி நின்றதில் தாமதம். வாசற்படி ஏறியவர் கண்ணில் பட்டது மாலை, கற்பூரப் புகை, நடுவில் அண்ணன். பையைக் கீழே போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டார்.

"பால் காச்சக் கூப்ட்டீங்கன்னு வந்தேனே, பால் ஊத்தவா கூப்ட்டீங்க..."

அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் உடனே சேர்ந்துகொண்டார்கள். (அழுகைக்குக் காரணமெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.) சத்தம் கேட்டுப் பின்பக்கத்திலிருந்து பெரியப்பா ஓடிவந்தார்.

"இன்னா ஆச்சு? யாரு போய்ட்டா?"

அத்தை அவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "நீதாண்ணே" என்றார்.

அப்போது கரண்ட் போனது. மலையில் அது ஒன்றும் அதிசயமில்லை. மாலைக்கு நடுவே வெறும் கறுப்புக் கண்ணாடி. பெரியப்பா என் எதிரில் வந்து நின்றார். கலாவைத் தேடவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மாப்ள, நான் செத்தாக்கா காயிதத்துல மாட்டுங்க. கரண்ட்டுல மாட்டாதீங்க. எங்க ஊர்ல தெனம் நாலு வாட்டி சாவ என்னால ஆவாது."

முதலில் சிரித்தது அத்தைதான். அப்புறம் வீடே சிரித்தது. கலா சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஆகவே, டிஜிட்டல் ஃபிரேம் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: வீட்டில் வைத்துக்கொள்ள அது லாயக்கில்லை. கோபித்துக்கொண்டிருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால், துணிச்சல் இருந்தால், கொடுத்துப் பாருங்கள். எங்களுடையது மாமியாரின் பீரோவுக்குள், புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது.

ஆனால் இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த வீட்டில் கரண்ட் போனாலும் "பெரியப்பா போய்ட்டாரு" என்பார்கள். வந்ததும் "எழுந்துட்டாரு" என்பார்கள். மழைக்காலத்தில் பெரியப்பாவே எனக்குப் போன் செய்வார்.

"மாப்ள, காலைலயே போய்ட்டேன்."

"எப்ப எழுந்திருப்பீங்க மாமா?"

"லைன்மேனத்தான் கேக்கணும்."