தாத்தாவையும் திட்டத்தில் சேர்

ஷெவ்ரெட் முனை, லூசியானா
கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம்

பேட்டன் ரூஜ் நகரத்தில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் என் பேரன் லுசியனுக்கு, பாட்டி எலோடி ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. மாதா கிருபையால் நீ சுகமாயிருப்பாய். நானும் சுகம் என்று எழுதினால்தான் அது கடிதம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். ஆகவே சுகம்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, பருவநிலை மாற்றத்துக்கே திட்டம் போடுகிற பேரன் வாய்த்ததை, இறால் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துக் கொடுக்கிறேன். அந்தப் பெருமையில்தான் நீ சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். கடல் ஏறுது பாட்டி, வீட்டைத் தூண்மேல் ஏத்திடலாம் என்றாய். ஏற்றினார்கள். படிக்கட்டு எங்கே என்று கேட்டால், வீட்டை உயர்த்துவது ஓர் இலாகா, படிக்கட்டு வேறு இலாகாவாம். அந்த இலாகா இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டு அல்சீட் தன் படகில் வலை இழுக்கிற விசையைக் கழற்றி எங்கள் தாழ்வாரத்தில் மாட்டி, கூடையில் வைத்து என்னை ஏற்றி இறக்குகிறான். "அசையாம உக்காரு அத்தே! இந்த வருசம் என் வலையில வந்த ஒரே சரக்கு நீதான்" என்கிறான். நிலைத்த வளர்ச்சி என்று அவனையும் கூரையில் சூரியத் தகடு மாட்டும் பயிற்சிக்கு அனுப்பினீர்களே, மூன்றாம் நாளே திரும்பிவிட்டான். "புயல்ல படகுமேல நின்னவன் அத்தே நான். கூரையில தலை சுத்துது. அது ஆடவே மாட்டேங்குது!"

படகுகளை மந்திரிக்க வந்த சாமியார், இருந்த நாலு படகையும் முடித்துவிட்டு, மிச்சத் தீர்த்தத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கடலிலேயே ஊற்றிவிட்டுப் போனார். ஏறுகிற கடலுக்கு அது ஒன்றுதான் குறை.

இப்போது ஊரையே கடலுக்கு எட்டாத கரும்புக்காட்டுக்கு மாற்றுகிறாய். எங்களுக்குத் தண்ணீர் ஏக்கம் வரக்கூடாதென்று அங்கே ஒரு குளமும் வெட்டியிருக்கிறீர்களாம். சரி, வருகிறோம். உன் தாத்தா? "பாட்டி, அந்த விலாசத்துல குடியிருக்கறவங்களுக்கு மட்டும்தான் திட்டம், கல்லறை அதுல வராது" என்று போனை வைத்துவிட்டாய். அனடோல் உயிரோடு இருந்தபோது ஒரு நாள் வீடு தங்கினவரா? கல்லறைக்குப் போனபிறகுதான் ஓரிடத்தில் இருக்கிறார். அவரைவிட நிரந்தரமாகக் குடியிருக்கிறவர் இந்த ஊரில் யாரடா? திருநாள் தவறாமல் அவர் கல்லறைக்கு வெள்ளையடிக்கிறவள் நான். போன வருடம் படகில் நின்று அடித்தேன். மேல்பாதிதான் அகப்பட்டது, கீழ்ப்பாதி கெளுத்தி மீனுக்கு. அவரை விட்டுவிட்டு, இடம் மாறச் சம்மதம் என்று நீ அனுப்பின தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதை உன் மேலதிகாரிக்கு அப்படியே படித்துக் காட்டு, கூச்சப்படாதே.

வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் இலாகாக்களையும் ஒன்றோடொன்று பேச வைக்கட்டும்.

உன் பாட்டி,
எலோடி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தென்காற்று கிளம்பி, ராத்திரியோடு கல்லறைத் தோட்டம் முழுக்கத் தண்ணீர். சவப்பெட்டிகள் மிதந்துவிட்டன. உன் தாத்தாவின் பெட்டி நேராக வந்து நம் வீட்டுத் தூண்களுக்கு நடுவே சிக்கி நிற்கிறது. "மாமா வீட்டுக்கு வந்துட்டாரு அத்தே" என்று சிரிக்கப் பார்த்தான் அல்சீட், முடியவில்லை. படகுக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறான். ஆகையால் மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிடு. இப்போது அவரும் இந்த விலாசத்தில்தான் குடியிருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு பேர் என்று எழுதிக்கொள். கயிறு பழசு, சீக்கிரம் வா.