ரோமாபுரி அம்மனுக்கு வளையல்

உடைந்த சாமானுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது எனக்கு இருபத்திரண்டு வயதுவரை தெரியாது. தெரியாததால் ஒரு வேலையைத் தொலைத்தேன்.

அப்போது நான் ஊரிகம் பக்கத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தின் ஸ்டோரில் தற்காலிக குமாஸ்தா. அந்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். எங்கள் துரை பங்களாவில் ஓர் அறையை மியூசியமாக்கி வைத்திருந்தார் (சென்னை மியூசியத்தை ஜனங்கள் செத்த காலேஜ் என்பார்களே, அதன் குட்டி). கிரேக்கப் பானை, ரோமாபுரிக் காசு எல்லாம் கண்ணாடிப் பெட்டியில். எங்கே தோண்டியது என்று எந்த அட்டையிலும் இருக்காது. யார் வாங்கியது என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

ஒருநாள் சீமையிலிருந்து ஒரு பெட்டி ஸ்டேஷனில் வந்து இறங்கியது. துரை பெங்களூர் போயிருந்தார். பிரித்து நிறுத்தும் பொறுப்பு என்னுடையது. உள்ளே பளிங்கில் ஓர் அம்மன். இரண்டு கையும் இல்லை. வைக்கோலை எல்லாம் உதறித் தேடினேன். கிடைக்கவில்லை. வழியில் நான்தான் உடைத்தேன் என்பார்கள், வேலை போய்விடும். கையில்லாத பொம்மையைக் காசு கொடுத்து ஒருவர் வாங்குவார் என்று நினைக்க என் மூளைக்கு வலு போதவில்லை.

ஆண்டர்சன்பேட்டையில் கோயிலுக்குச் சுதை பொம்மை செய்யும் மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். அவர் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னாங்க இது, பின்னமான சாமிய ஊட்டுல வெக்கலாமா? குடும்பத்துக்கு ஆவாதுங்க" என்றார்.

இரண்டே நாளில் சுண்ணாம்புச் சாந்தில் கைகள் முளைத்தன. ஒன்று அபயம் காட்டியது, மற்றதில் எலுமிச்சம்பழம். கைக்கு ஆறு வளையல். நான் (மேதாவி அல்லவா) பளிங்கின் பழுப்பைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்தேன்.

துரை சென்னையிலிருந்து வந்த ஒரு சிலை நிபுணரோடு திரும்பினார். என் வேலை அந்த நிமிஷமே போயிற்று. நிபுணர் என்னைப் புழுவைப்போலப் பார்த்துவிட்டு, உளியும் சுத்தியலும் கேட்டு வாங்கிச் சாந்தைத் தட்டினார். மேஸ்திரியின் சாந்து லேசுப்பட்டதல்ல. மூன்றாவது அடியில் சுத்தியல் வழுக்கியது. அம்மனின் அசல் மூக்கு தரையில் விழுந்தது.

நிபுணர் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அட்டையில் நிதானமாக எழுதினார்: 'மூக்கு பண்டைக் காலத்திலேயே சிதைந்தது.' துரை தலையாட்டினார். ஒட்டியவனுக்குச் சீட்டுக் கிழிந்தது, உடைத்தவருக்குத் தேநீர் வந்தது. இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம் நந்திதுர்க் சுரங்கத்தில் ஷிப்டுக்கு ஆள் எண்ணும் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆயிற்று, பிள்ளைகளும் பிறந்தார்கள். இந்தக் கதையை அவர்களிடம் சொன்னதுதான் நான் செய்த அடுத்த முட்டாள்தனம். அதுமுதல் எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் குற்றவாளி கிடையாது. போன வாரம் குழம்புச் சட்டி விழுந்து சிதறியது. சத்தம் கேட்டு ஓடினேன். காலெல்லாம் குழம்போடு நின்ற என் கடைசிப் பெண் கொஞ்சமும் கூசாமல் சொன்னாள்:

"நான் இல்ல நைனா. இது அந்தக் காலத்துலயே ஒடஞ்சிகீது."