பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை

வரித்துறையில் பொறுப்பான பதவி வகிக்கும் மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம், அங்கு நீங்கள் நலமா என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் இங்கு நான் நலம் என்று எழுதினால் அது பொய்க்கணக்கு ஆகிவிடும். வரித்துறை அதிகாரி ஒருவருக்குத் தெரிந்தே பொய்க்கணக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் மகளும் நலம் என்பது கேட்காமலே தெரியும், ஏனென்றால் உங்கள் வீட்டில் தண்ணீர் வருகிறது.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். அங்கே போனை உங்கள் அத்தை அல்லவா எடுக்கிறாள்? எடுத்ததும் "தண்ணி வருதா?" என்று கேட்கிறாள். "அது வந்து..." என்று நான் ஆரம்பித்தால் வைத்துவிடுகிறாள். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, உயிரோடு இருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டா? கிடையாது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனிடம் குழாயைப் பற்றி மட்டும்தான் அவளுக்குப் பேச இருக்கிறது. ஆகவேதான் இந்தக் கடிதம். கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது; நீங்கள் மரியாதை தெரிந்தவர், கடைசிவரை படிப்பீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவுக்கும் காரணம் நீங்கள்தான்.

போன தடவை நீங்கள் வந்திருந்தபோது நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் பெயிண்டர் வாசலில் வந்து நின்றார். நான் இடது கையால் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமலே கும்பிட்டுவிட்டுப் போனார். அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாமா, பில் இல்லாம வாங்கறவர் மட்டும் இல்ல, கொடுக்கறவரும் சேர்ந்துதான் வரியை ஏய்க்கறாங்க" என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள், மரியாதைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் மகள் தலையை ஆட்டினாள். உங்கள் அத்தை, "நல்லாச் சொன்னீங்க மாப்பிள்ளை" என்று உங்கள் தட்டில் இன்னொரு கரண்டி பொரியல் வைத்தாள். எனக்கு அந்த இன்னொரு கரண்டி வரவில்லை. என் வீட்டில், என் தட்டுக்கு எதிரில், நான் வரி ஏய்ப்பவன் ஆனேன்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் எதையும் அரைகுறையாக விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஃபேன் மோட்டாரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே காயில் கட்டக் கற்றுக்கொண்டவன் நான். ஃபேன் நின்றுபோனால் இந்தத் தெருவே என்னிடம்தான் வருகிறது. அதே மாதிரி நீங்கள் ஊருக்குப் போன மறுநாளே பழைய புத்தகக் கடையில் வரிச் சட்டம் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தை எடைக்கு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். நடுவில் சில பக்கங்கள் கிழிந்திருந்தன. மற்றதெல்லாம் எனக்கு மனப்பாடம். படித்து முடித்ததும் ஒரு பலகையை எடுத்து, வெள்ளையடித்து, 'பில் கொடுப்பவர்கள் மட்டும் வேலைக்கு வரவும்' என்று சிவப்பில் எழுதி கேட்டில் மாட்டினேன். எழுத்து நன்றாக வந்திருந்தது. உங்கள் அத்தை அதைப் படித்துவிட்டு, "வீட்டுல ஏதாவது உடைஞ்சா யாரு வருவா?" என்று கேட்டாள். "பில்லோடு வருவார்கள்" என்றேன். அந்த வாரமே குளியலறைச் சுவருக்குள் பைப் வெடித்தது. இவள் வாய் வைத்ததால் வெடித்தது என்று நான் சொல்லவில்லை, நடந்த வரிசையைத்தான் சொல்கிறேன்.

நம் பேட்டைக்கு ஒரே பிளம்பர். எப்போது கூப்பிட்டாலும் "ஒரு நிமிஷம் சார்" என்பார். அதனால் அவருக்குப் பெயரே ஒருநிமிஷம் என்று ஆகிவிட்டது. வந்தார். பலகையைப் படித்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "சார், பில்லோடன்னா ஒரு ரேட்டு, பில் இல்லாமன்னா ஒரு ரேட்டு" என்றார்.

"ரெண்டுக்கும் என்னய்யா வித்தியாசம்?"

"பில் இல்லாமன்னா இன்னைக்கே தண்ணி வரும். பில்லோடன்னா நான் மொதல்ல கம்பெனி ஆகணும். கம்பெனிக்குப் பேர் வைக்கணும். எங்க வீட்டுல கொழந்தைக்குப் பேர் வைக்கறதுக்கே ரெண்டு குடும்பமும் அடிச்சுக்கிட்டோம் சார்."

"பேர் வச்சிட்டு வா" என்றேன். போய்விட்டார். தொட்டியின் வால்வை மூடிவிட்டு நான் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. எலக்ட்ரீஷியன் தெருவில் எதிரே வந்தவர் என்னைப் பார்த்துச் சந்துக்குள் திரும்பினார்; அந்தச் சந்துக்கு மறுபக்கம் வழி கிடையாது, நான் போகும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். டைல்ஸ் ஒட்டுகிறவர் போனில் என் குரலைக் கேட்டதும் தன் குரலை மாற்றிக்கொண்டு, "அவர் வெளியூர் போயிருக்காருங்க" என்றார். இவர்களுக்குள் எனக்கு 'பில்லு பெரியவர்' என்று பட்டம் வைத்திருக்கிறார்களாம். கேட்டைத் தாண்டி ரசீதுப் புத்தகத்தோடு உள்ளே வந்த ஒரே ஆள் அனாதை விடுதிக்கு நன்கொடை கேட்டவர். வழவழப்பான தாளில் முத்திரை குத்தி, நீலத்தில் ஒன்று மஞ்சளில் ஒன்று என்று ரசீது கிழித்துக் கொடுத்தார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் கொஞ்சம் கூடவே கொடுத்துவிட்டேன். அப்படி ஒரு விடுதியே இல்லை என்று பிறகு தெரிந்தது. இருக்கட்டும், ரசீது என்னிடம் இருக்கிறது.

தண்ணீருக்குப் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக் குழாய்தான் கதி. பக்கத்து வீட்டு அம்மாள் நல்லவள், தினமும் குழாயைத் திறந்துவிடுவாள். திறந்துவிட்டு, "பில்லு போடட்டுமா அண்ணா?" என்று கேட்பாள். தினமும் கேட்பாள். நான் வாளிகளைத் தூக்கிக்கொண்டு வருவதை உங்கள் அத்தை படியில் நின்று பார்ப்பாள். ஒரு நாள் பார்க்காமல் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் பெட்டி இருந்தது. "எங்கே?" என்றேன். "குளிக்க" என்றாள். "அதற்குப் பெட்டி எதற்கு?" என்று கேட்டேன். "உங்க பில்லு வந்ததும் சொல்லி அனுப்புங்க, வரேன்" என்று பஸ் ஏறிவிட்டாள். அவள் உங்கள் வீட்டுக்கு வந்த கதை இதுதான். பேத்தியைப் பார்க்க ஆசையாக இருந்தது என்று உங்களிடம் சொல்லியிருப்பாள், நம்பாதீர்கள்.

இதைக் கேள்விப்பட்டோ என்னவோ ஒருநிமிஷம் திரும்பி வந்தார். கையில் புத்தம் புது பில் புத்தகம். மேலே 'ஒருநிமிஷம் பைப் ஒர்க்ஸ்' என்று அச்சடித்திருந்தது. "கம்பெனி ஆயிட்டேன் சார்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாடு திருந்த ஆரம்பித்துவிட்டது, அதுவும் என் வீட்டுக் குளியலறையிலிருந்து என்று நினைத்தேன். அவர் சுவரை உடைத்தார், நான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தேன். எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். வளைவு இந்தப் பக்கம் வரவேண்டும் என்று நான் சொன்னபடி ஒரு தடவை மாட்டினார், பிறகு கழற்றி அவர் இஷ்டப்படி மாட்டினார். வேலை முடிந்தது. வால்வைத் திறக்கவேண்டியதுதான் பாக்கி. அப்போது தரையில் உட்கார்ந்து பில் எழுதினார், மாப்பிள்ளை, எழுதினார் எழுதினார், பக்கத்தைத் திருப்பி எழுதினார்.

பைப்புக்கு ஒரு தொகை, சுவர் உடைத்ததற்கு ஒரு தொகை, சரி. அதற்குக் கீழே, 'சார் பக்கத்தில் நின்று யோசனை சொன்னதற்கு' என்று ஒரு தொகை. 'சார் யோசனைப்படி மாட்டியதைக் கழற்றியதற்கு' என்று தனியாக ஒன்று. 'டார்ச்சைக் கண்ணில் அடித்ததற்கு' என்று இன்னொன்று. 'வீட்டில் அம்மா இல்லாததால் காபி வராததற்கு' என்றும் ஒன்று. எல்லாவற்றுக்கும் வரி போட்டுக் கூட்டியிருந்தார். கூட்டல் சரியாக இருந்தது என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

"என்னய்யா இது?" என்றேன்.

"பில் இல்லாமன்னா இதெல்லாம் நாங்க சும்மா பொறுத்துக்குவோம் சார். பில்லுன்னு வந்துட்டா எதையும் மறைக்கக் கூடாதுல்ல?"

நாலையும் அடித்துவிடச் சொன்னேன். அடித்துத் திருத்தினால் பில் செல்லாது என்றார். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், காலையில், டார்ச் அடித்துக்கொண்டே. யோசனைக்குப் பணம் தர முடியாது என்று நான் நின்றுவிட்டேன். அவர் வால்வின் கைப்பிடியைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். போகிறபோது கேட்டில் நின்று, "சார், எங்க வீட்டு ஃபேனைச் சரி பண்ணிக் கொடுத்துட்டுக் காசு வாங்கினீங்களே, அதுக்கு பில் எங்க?" என்று கேட்டார்.

"அது எனக்குப் பொழுதுபோக்கு."

"பொழுதுபோக்குக்கா அவ்வளவு வாங்கினீங்க?"

பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தது கேட்டது. நான் உள்ளே வந்துவிட்டேன். பொழுதுபோக்கு வேறு, தொழில் வேறு என்று உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ரிட்டயர் ஆன மனுஷன் ஒரு ஃபேனுக்குப் புஷ் மாற்றிவிட்டு, அவர்களாகவே பிரியப்பட்டு, நான் சொன்ன தொகையைக் கொடுத்தால் அது அன்பளிப்பு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்ன சொல்லில் நிற்கிறவன். பில் இல்லாமல் ஒரு காசு கொடுக்கமாட்டேன், அந்த பில்லுக்கும் கொடுக்கமாட்டேன். ஆகையால் நீங்கள் உங்கள் துறையிலிருந்து கண்டிப்பான ஆட்கள் நாலு பேரை ஜீப்பில் இந்தத் தெருவுக்கு அனுப்பி, பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் ஒட்டுகிறவர் ஒருவரையும் விடாமல் விசாரிக்க வேண்டும். முதல் வீடாக எந்த வீட்டுக்குப் போவது என்று நான் வாசலில் நின்று காட்டுகிறேன். யோசனைக்குக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடம் உண்டா என்பதையும் எழுதவும். உங்கள் அத்தையிடம், நான் ஒன்றும் தவித்துப்போய்விடவில்லை என்று சொல்லவும். பக்கத்து வீட்டுத் தண்ணீரில் காபி போட்டுக் குடிக்கிறேன், அவள் போடுகிற மாதிரி இல்லை, அவ்வளவுதான். கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று கேட்க ஆளில்லாததால் அதைக் கழற்றுவதே இல்லை. அவள் அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே ஒரு மனுஷன் கொள்கைக்காக வாளி சுமக்கிறான் என்பதை நினைத்துப் பார்க்கட்டும். அவள் திரும்பி வருவது இனி உங்கள் கையில்தான் இருக்கிறது.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். நீங்கள் மேலும் மேலும் பதவி உயர்ந்து, ஒரு காசு வரி பாக்கியில்லாத ஊரில் நீண்ட நாள் வாழவேண்டும்.

இப்படிக்கு,
கொள்கையில் தளராத உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது கேட் சத்தம் கேட்டது. ஒருநிமிஷம் தோளில் ஃபேனோடு நின்றார். "சார், மறுபடியும் நின்னுபோச்சு. புழுக்கத்துல கொழந்தை தூங்கமாட்டேங்குது" என்றார். "பில்லோடு ஒரு ரேட்டு, பில் இல்லாமல் ஒரு ரேட்டு" என்றேன். அவர் ஃபேனைத் தோளிலிருந்து இறக்கிக் கேட்டில் சாய்த்து வைத்தார். "காசும் வேணாம் பில்லும் வேணாம் சார். நீங்க காத்தை விடுங்க, நான் தண்ணிய விடறேன்" என்று பைக்குள்ளிருந்து கைப்பிடியை எடுத்தார். கண்டென்சர்தான் போயிருந்தது. அவர் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தார்; யோசனையும் சொன்னார்; பொறுத்துக்கொண்டேன். பிறகு செய்தி எப்படியோ பரவி, எலக்ட்ரீஷியன் ஒரு ஃபேனைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குளியலறைக்கு லைட் போட்டார், டைல்ஸ்காரர் இரண்டு ஃபேனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு உடைந்த சுவரை மூடினார். ஹாலில் நடக்க இடமில்லை. ஆனால் கவனியுங்கள்: நான் பில் இல்லாமல் ஒரு காசு கொடுக்கவில்லை. ஆகவே நான் சொன்ன சொல் அப்படியே நிற்கிறது. பண்டமாற்றுக்கும் வரி உண்டா என்று தெரியவில்லை, என் புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லவேண்டாம். ஜீப்பும் வேண்டாம். ஏற்கெனவே கிளம்பிவிட்டதென்றால் முன்கூட்டித் தகவல் கொடுக்கவும், ஃபேன்களைப் பக்கத்து வீட்டில் வைக்கவேண்டும்.

உங்கள் அத்தையிடம் தண்ணீர் வருகிறது என்று சொல்லவும். வேகமாக வருகிறது.

இன்னொன்று. மகள் போனில் பேசும்போது பின்னால் உங்கள் வீட்டு ஃபேன் கடகடவென்று அடித்துக்கொள்வது இங்கே கேட்கிறது. புஷ் தேய்ந்திருக்கிறது. கழற்றி எடுத்துக்கொண்டு நீங்களே வாருங்கள், வரும்போது உங்கள் அத்தையையும் அழைத்து வந்துவிடுங்கள். நான் ஃபேனைச் சத்தமில்லாமல் ஓட விடுகிறேன், கணக்கு நேர். இதைப் பண்டமாற்று என்று அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.